முள் எழும்பாத காலை

றோசலின் அவ்வளவு சீக்கிரம் ஆடிப்போகிற ஆள் இல்லை. அக்கரப்பத்தனைக்கு மேலே, ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கொண்டுவந்து விட்டுப் போகும் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, மூக்கைச் சிந்திவிட்டு, சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. எழுபத்து நாலாம் ஆண்டுப் பஞ்சத்தில் பால்மாவும் இல்லை, ரொட்டி மாவும் இல்லை என்று தோட்டமே தலையில் கை வைத்தபோது, மரவள்ளிக் கிழங்கை அவித்து மசித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியவள் அவள். அடைமழையில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் ஒரு மூலை போனபோது, தொட்டிலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவளும் அவள்தான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடுப்பைப் பற்ற வைத்தாள். "ஆயம்மா நெஞ்சு கல்லு நெஞ்சு" என்பார்கள் பெண்கள். அது பாராட்டா வசவா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவளை ஆட்டி வைத்தது ஒரு பித்தளைக் குமிழ். கட்டைவிரல் பருமன்கூட இருக்காது.

அவள் புருஷன் சூசைரட்ணம் தோட்டத்துக் காரின் டிரைவர். தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை கூட்டத்துக்குப் போனாலும் சரி, லயத்தில் யாருக்காவது காய்ச்சல் முற்றினாலும் சரி, அந்தச் சாம்பல் நிறக் கார்தான் போகும், ஓட்டுவது அவர்தான். அதற்காகத் தோட்டம் கொடுத்திருந்த தனி வீடு ஒன்று கராஜுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு அறை, கண்ணாடி ஜன்னல், வாசலிலேயே குழாய். லயத்துக் காம்பராவில் பிறந்து, லயத்துக் காம்பராவில் வளர்ந்த றோசலினுக்கு அந்தக் குழாய் ஒன்று போதும், ராணியாக இருப்பதாக நினைத்துக்கொள்ள. டிரைவர் வேலை போனால் வீடும் போகும். அது ஊருக்கே தெரிந்த கணக்கு.

சூசைரட்ணத்துக்குக் காரில் உயிர் என்றால், அந்தக் காரில் அவருக்கு உயிர் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில். ரோட்டைப் பார்க்கிற நேரத்துக்குச் சமமாக அந்த முள்ளையும் பார்ப்பார். "முள்ளு பொய் சொல்லாது" என்பது அவர் வாய்ப்பாடு. அந்த முள்ளுக்குச் செய்தி சொல்வது எஞ்சின் தலையில் திருகியிருக்கும் குமிழ். இன்றைக்கு எல்லாரும் சென்சர் என்கிறார்கள்; அன்றைக்கு ஊசிக்கல் கராஜில் அது வெறும் குமிழ்தான். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரில் அதன் நுனி முங்கிக் கிடக்கும். தண்ணீர் சூடானால் ஒரு வயர் வழியாக முள்ளை எழுப்பிவிடும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

தை, மாசி மாதங்களில் அந்த மலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். தண்ணீர் உறைந்தால் எஞ்சின் வெடித்துப் போகும் என்ற பயத்தில், அந்த மாதங்களில் டிரைவர்மார் பொழுது சாய்ந்ததும் காரின் தண்ணீரையெல்லாம் திறந்து விட்டுவிடுவார்கள். விடிந்ததும் சுடுதண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். சூசைரட்ணத்தின் வீட்டில் திறந்து விடுவது அவர், நிரப்புவது றோசலின். இது எந்தத் துரையும் போட்ட சட்டமில்லை. விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவள் அவள், தண்ணீர் கொதிக்க வைக்கிற பெரிய கேத்தல் இருப்பது அவளிடம், அதனால் அவள் வேலையாகிப் போனது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பனிக்காலத்திலும் தவறியதில்லை. தவறாததாலேயே இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதுமில்லை.

எழுபத்து எட்டாம் ஆண்டு மாசியில் ஒரு விடியற்காலை. கேத்தல் கொதிக்கத் தொடங்கியிருந்தது; சூசைரட்ணம் உள் அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கதவைப் படபடவென்று தட்டினான் நல்லமுத்து. தோட்டத்துக் கராஜின் மெக்கானிக் அவன். நிறைமாதப் பெண்சாதி லெட்சுமியோடு பக்கத்து லயத்தில் குடியிருப்பவன்.

"ஆயம்மா, லெட்சுமிக்கு வலி வந்துருச்சு! மருத்துவச்சி கீழ் டிவிசனுக்குப் போயிருக்கு. நீங்க வாங்க."

றோசலின் முந்தானையைக் கேத்தல் பிடியில் சுற்றினாள். கொதித்த தண்ணீரோடு அப்படியே ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. பையன். நீலம் பாய்ந்து, சத்தமில்லாமல் வந்தான். காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, கடைசியில் அவன் கத்தியபோதுதான் றோசலினும் மூச்சு விட்டாள். நல்லமுத்து வாசலில் நின்று அழுதான். கேத்தல் காலியாகக் கிடந்தது. அங்கிருந்தே நேராகப் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்விட்டாள்.

பொழுது ஏறிய பிறகு சூசைரட்ணம் கொழுந்து லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு திரும்பி, பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"எஞ்சின் போயிருச்சு புள்ள. பூட்டிக்கிருச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"தொரைய ஏத்திக்கிட்டு நுவரெலியா போறேன். ஏத்தத்துல ஏறுது, முள்ளு எந்திரிக்கவே இல்ல. தொரையே பாத்துட்டு, 'இன்னைக்கி குளிருக்குக் கார் சொகமா ஓடுது'ங்கறாரு. அப்புறம் ஒரு முக்கு முக்குச்சு. நின்னுபோச்சு. எஞ்சின் கிட்ட கை வைக்க முடியல, அப்பிடிக் காந்துது. முள்ளு மட்டும் அடியிலேயே கெடக்கு."

குமிழ்தான் காரணம் என்றார். தை மாதம் பழைய குமிழ் ஒழுகியபோது, நல்லமுத்து ஹட்டனில் பழைய சாமான் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து பூட்டியிருந்தான். சாகக் கிடந்த குமிழைப் பூட்டியிருக்கிறான், சில நாள் ஓடிவிட்டு அன்றைக்குச் செத்துவிட்டது, அது முள்ளை எழுப்பவில்லை, முள் எழும்பாததால் தான் காரை நிறுத்தவில்லை. கேட்கிற யாருக்கும் நியாயமாகப் பட்டது. ரேடியேட்டர் வற்றிக் கிடந்ததே என்று கராஜில் ஒருவர் கேட்டதற்கு, அத்தனை சூட்டில் தண்ணீர் கொதித்துப் போகாமல் என்ன செய்யும் என்று பதில் வந்தது. அதுவும் நியாயமாகப் பட்டது.

நல்லமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. "சோதிச்சுப் பாத்துத்தான் பூட்டுனேன். எம் புள்ள மேல சத்தியம்" என்று தலையில் அடித்துக்கொண்டான். பெரிய துரைக்கு மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது; எஞ்சின் ஒன்று போனால் யார் தலையாவது உருள வேண்டும். இரண்டு பேரையும் ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துச் சொன்னார்.

"குமிழைக் கழற்றி எல்லாருக்கும் முன்னால பாப்போம். கெட்டுப் போயிருந்தா பூட்டினவனுக்குப் பத்துச் சீட்டு. நல்லா இருந்தா ஓட்டினவனுக்குப் பத்துச் சீட்டு."

பத்துச் சீட்டு என்றால் தெரியும்தானே. பேர் வெட்டி, கணக்கு முடித்து, தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவது. ஒரு தோட்டத்தில் வாங்கியவனைப் பக்கத்துத் தோட்டத்தில் நிற்கக்கூட விட மாட்டார்கள்.

அன்றிலிருந்து கராஜுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. றோசலின் எந்தக் கட்சி என்று கேட்க வேண்டுமா? தினமும் போய்ப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் போவதை நிறுத்தினாள். பிள்ளைக் காம்பராவுக்குத் தண்ணீர் எடுக்கப் போன குழாயடியில் லெட்சுமியின் தாய் எதிர்ப்பட்டபோது, குடத்தைக் கல்லில் ணங்கென்று வைத்துவிட்டு, "பழைய கடைச் சாமானப் பூட்டி என் வீட்டுக்காரர் வாயில மண்ணப் போட்டாங்களே" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. விடியற்காலையில் ஓடிப்போய்ப் பிள்ளையை எடுத்துக் கொடுத்ததற்கு இதுவா கூலி என்று எரிந்தது. சூசைரட்ணம் மட்டும் அதிகம் பேசவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வேலைக் கவலை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சோதனை நாள் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்த கையோடு கராஜ் முன்னால் பாதித் தோட்டம் கூடிவிட்டது. லெட்சுமியும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். பேறு கழிந்த உடம்பு, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். கொதிக்கிற தண்ணீர் வேண்டும் என்றார்கள். ஊரிலேயே பெரிய கேத்தல் றோசலினுடையது. அவளே கொண்டுவந்தாள், கராஜ் வாசலில் மூன்று கல் வைத்து மூட்டிய நெருப்பில் அவளே ஏற்றினாள். புருஷன் ஜெயிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் அவளுக்கு.

நல்லமுத்து குமிழைக் கழற்றினான். நீளமான ஒரு வயரை அதன் தலையில் கட்டிக் காருக்குள் கொண்டுபோனான். இன்னொரு வயரை அதன் கழுத்தில் சுற்றி, மறுமுனையைக் கார் உடம்பில் இறுக்கினான். துரை தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முள் அடியில் கிடந்தது.

"போடு" என்றார்.

குமிழ் கேத்தலுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கார்க் கதவில் தொங்கிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை, "எந்திரிக்குது! முள்ளு எந்திரிக்குது!" என்று கத்தினார். எழுந்தது. பாதி தாண்டி, முக்கால் தாண்டி, சிவப்புக் கோட்டில் போய் நின்றது. குமிழில் ஒரு குற்றமுமில்லை. நல்லமுத்து இருந்த இடத்திலேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

றோசலினுக்குக் காது அடைத்துவிட்டது. முள் எழும்புவதற்கு வாய்ப்பே இல்லை என்றுதானே வந்தாள்? திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவரும் அடிபட்டவர் மாதிரிதான் நின்றார். வாய் திறந்திருந்தது. "அன்னைக்கி எந்திரிக்கலையே ஐயா! நீங்களும்தானே பாத்தீங்க!" என்றார்.

துரைக்கும் அதுதான் புரியவில்லை. அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். சீட்டை விட்டு இறங்காமல் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். இனி என்ன வேலை என்று றோசலின் குனிந்து கேத்தலை நெருப்பிலிருந்து தூக்கி அப்பால் வைத்தாள். குமிழ் வயரில் தொங்கியபடி வெளியே வந்து வெறுங்காற்றில் ஆடியது.

"இந்தா, எறங்குது" என்றார் கணக்கப்பிள்ளை. முள் விறுவிறுவென்று சரிந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

துரை முள்ளைப் பார்த்தார். கேத்தலைப் பார்த்தார். மெதுவாக இறங்கி வந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"தண்ணியில இருந்தாத்தான் இது சூட்டைச் சொல்லும்" என்றார். "தண்ணி இல்லாட்டி, எஞ்சின் எரிஞ்சாலும் குளிருன்னுதான் சொல்லும். அன்னைக்கி முள்ளு ஆரம்பத்துலயிருந்தே எந்திரிக்கல. ஒரு ஆவி, ஒரு புகை நான் பாக்கல. கொதிச்சுப் போறதுக்கு உள்ளே தண்ணியே இருக்கல." அவர் சூசைரட்ணத்தின் பக்கம் திரும்பினார். "காலையில தண்ணி ஊத்தினது யாரு?"

றோசலினின் கை கேத்தல் பிடியிலேயே இருந்தது. அந்தப் பிடியின் சூடு உள்ளங்கையில் ஏறியபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அந்த விடியற்காலை. கதவு தட்டிய சத்தம். கொதித்த கேத்தலோடு ஓடிய ஓட்டம். ஊற்றவில்லை. அவள் ஊற்றவே இல்லை. அவர் எழுந்து வந்திருப்பார். அடுப்பு எரிவதைப் பார்த்திருப்பார். கேத்தல் அங்கே இல்லை, பெண்சாதியும் இல்லை. எல்லா நாளும் போல ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள் என்று சாவியைத் திருகியிருப்பார். ஐயோ, நானா? இத்தனை நாள் குழாயடியில் மண்ணைத் தூற்றியவள் நானா?

அவள் வாயைத் திறப்பதற்குள் சூசைரட்ணம் பதில் சொல்லிவிட்டார்.

"நான்தாங்க ஐயா. ஊத்த மறந்துட்டேன்."

பட்டென்று சொன்னார். யோசிக்கவில்லை, திடுக்கிடவில்லை. முன்னமே செய்து பைக்குள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. றோசலினுக்கு இரண்டாவது இடி அதுதான். இப்போதுதான் தெரிந்துகொண்ட மனுஷனுக்கு இப்படிச் சொல்ல வராது. இவருக்கு முன்னமே தெரியும்.

"பொய்யிங்க!" என்று அவள் குரல் அவளை மீறிக் கிளம்பியது. "அவரு ஊத்துறதே இல்லீங்க. நான்தான் ஊத்துவேன். அன்னைக்கி நான் ஊத்தல. லெட்சுமிக்கு வலின்னு கூப்பிட்டாங்க, சுடுதண்ணியோட அங்க ஓடிட்டேன்."

நல்லமுத்து எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "அந்தத் தண்ணியா?" என்றான். "எம் புள்ளையத் தொடச்ச தண்ணியா, ஆயம்மா?" அவனுக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. லெட்சுமி பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

துரை அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். கல்மனசுக்காரர் இல்லை அவர். ஆனால் மேலிடம் என்று ஒன்று அவர் கழுத்திலும் உட்கார்ந்திருந்தது. "பொம்பளைய நான் ஒண்ணும் சொல்லல. உசிர் பெருசு. ஆனா தண்ணி இருக்கான்னு பாக்கிறது ஓட்டுறவன் வேலை" என்றார். பத்துச் சீட்டுக்குப் பதிலாக டிரைவர் வேலையை மட்டும் எடுத்துவிட்டு, மாசம் முடிய வீட்டைக் காலி செய்யச் சொன்னார். றோசலினுக்கு வேலை இருந்ததால் லயத்தில் ஒரு காம்பரா தருவதாகவும் சொன்னார். சூசைரட்ணம் தலையாட்டினார். இடுப்பில் இருந்த கராஜ் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கார் நின்னப்பவே. தொரைய வேற வண்டியில ஏத்தி விட்டுட்டு மூடியத் தெறந்தேன். கொதிச்ச எஞ்சின்னா ஆவி மூஞ்சியில அடிக்கணும். ஒண்ணுமில்ல. காஞ்ச சட்டி. நீ ஊத்தலைன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் நல்லமுத்து மேல போட்டீங்களா?"

"குமிழும் கெட்டதுன்னுதான் நெனச்சேன் புள்ள. தண்ணி இல்லாம காஞ்சா முள்ளு இன்னும் மேலயில்ல போகணும்? குளிர்னு காட்டும்னு யாருக்குத் தெரியும்? கெட்ட குமிழ்தானே, அவன் மேல தப்பு இருக்குதானேன்னு…"

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இன்று முள் எழும்பியபோது அவர் வாய் பிளந்து நின்றதைப் பார்த்தவள்தானே. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதும் தெரிந்தது. அதைத் தோண்டாமல் விட அவளால் முடியவில்லை.

"தண்ணி இல்லைங்கறத ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா யாரு ஊத்தலைன்னு கேப்பாங்க. ஒன் பேரு வரும். தோட்டத்துச் சாமானத் தொட நீ யாருன்னு கேப்பாங்க. பிள்ளைக் காம்பராவுலயிருந்து உன்னைய எடுத்துட்டா?"

"இன்னைக்கி முள்ளு எந்திரிக்காம இருந்திருந்தா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "கேத்தலுக்குள்ள போட்டும் எந்திரிக்காம இருந்திருந்தா? அந்தப் பச்ச ஒடம்புக்காரி புள்ளையத் தூக்கிக்கிட்டு தோட்டத்த விட்டுப் போயிருப்பா. நான் எடுத்துக் குடுத்த புள்ள! நீங்க பாத்துக்கிட்டுச் சும்மா நின்னிருப்பீங்களா?"

சூசைரட்ணம் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பொய் சொல்லத் தெரிந்த கண் இல்லை அது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நின்னிருப்பேன்" என்றார். "ஒன்னையக் காட்டிக் குடுக்கறதவிட அது லேசா இருந்துச்சு."

றோசலின் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்மேல் ஒரு மனுஷன் வைத்திருக்கிற பிரியம் எவ்வளவு பெரியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.